ஏர் ஓட்டுகிற பையனும் எண்ணற்ற ‘அண்ட்’களும்

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 22-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமை மூன்று பேர் கூப்பிடுகிறார்கள். முதலில் கடவுள், மகனைப் பலியிடச் சொல்வதற்காக. அடுத்து, மலைக்குப் போகிற வழியில் விறகைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கிற மகன். கடைசியாக, அந்த மகனை வெட்டக் கத்தியை எடுத்துவிட்ட நேரத்தில், வானத்திலிருந்து ஒரு தூதன். மூன்று பேருக்கும் அவர் சொல்லுகிற பதில் எபிரெயத்தில் ஒரே சொல்தான்: ஹின்னேனி. ‘இதோ, இங்கே இருக்கிறேன்.’ மகனுக்குச் சொல்லும்போது மட்டும் ‘என் மகனே’ என்று ஒன்று கூடுகிறது.

கடவுளுக்கு எந்தக் குரலில் பதில் சொன்னாரோ, அதே குரலில் பிள்ளைக்கும் சொல்கிறார். பிள்ளையை எதற்குக் கூட்டிப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே சொல்கிறார். கதையின் கொடுமை முழுதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கதைசொல்லி ஒரு கண்ணீர்த்துளிகூடக் காட்டுவதில்லை, சொல்லை மட்டும் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

இதை நான் கண்டுகொண்டது நாற்பது வயதைத் தாண்டி, அதுவும் ஆங்கிலத்தில். எனக்கு எபிரெயம் எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர் நாசரேத்துக்குப் பக்கம். பைபிளில் வருகிற நாசரேத் இல்லை, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். ஆச்சி தினமும் விளக்கு வைத்த பிறகு ஓர் அதிகாரம் சத்தமாக வாசிப்பாள், நாங்கள் பாயில் உட்கார்ந்து கேட்போம். அந்தப் பழைய தமிழ்ப் பைபிளில் ஆபிரகாம் கடவுளுக்கு “இதோ அடியேன்” என்கிறார், மகனுக்கு “என் மகனே, இதோ, இருக்கிறேன்” என்கிறார், தூதனுக்கு மறுபடி “இதோ, அடியேன்”. தமிழில் வேறு எப்படிச் சொல்ல முடியும்? பெற்ற பிள்ளையிடம் எந்த அப்பன் ‘அடியேன்’ என்பான்? மரியாதையைச் சொல்லுக்குள்ளேயே வைத்துப் பழகிய மொழி நம்முடையது. பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே பதிலைக் கொடுக்க அதற்கு நாக்கு வராது. அதனால் அந்த மொழிபெயர்ப்பாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆங்கிலத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது. ‘ஹியர் ஐ ஆம்’ என்று மூன்று இடத்திலும் போட்டுவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இன்று உலகமெங்கும் விற்கிற என்.ஐ.வி. மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள். கடவுளுக்கு ‘ஹியர் ஐ ஆம்’, தூதனுக்கு ‘ஹியர் ஐ ஆம்’, மகனுக்கு மட்டும் ‘யெஸ், மை சன்?’ சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பிள்ளைக்குக் கொடுக்கிற பதில் மாதிரி. அமெரிக்க யூதர்களின் ஜே.பி.எஸ். பதிப்பிலும் அந்த இடத்தில் ‘யெஸ், மை சன்’தான். ‘இன்றைய வாசகருக்கு இயல்பாக இருக்க வேண்டும்’ என்பது இரண்டு பேருடைய நியாயமும்.

அந்த நியாயத்தோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பிழைப்புக்கு நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாள், வாஷிங் மெஷின் கையேடு, போன் செயலிகளில் வருகிற ‘சரி’, ‘ரத்துசெய்’ எல்லாம் எங்கள் கைவேலைதான். ஒருமுறை ஒரு கையேட்டில் ‘வடிகட்டி’ என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். சரிபார்த்தவர் முதலாவதை அப்படியே விட்டு, இரண்டாவதைச் ‘சல்லடை’ என்றும் மூன்றாவதை ‘ஃபில்டர்’ என்றும் மாற்றிவிட்டு ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்: ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் வாசகருக்குச் சலிக்குமாம். அதை வாங்கியவர்கள் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு எத்தனை சாமான்களைத் தேடினார்களோ, தெரியவில்லை.

எபிரெய வேதத்தை, அதாவது பழைய ஏற்பாட்டை, ஆங்கிலமாக்கியவர்களில் பாதிப்பேர் இந்தச் சரிபார்ப்பாளருக்கு அண்ணன் தம்பிகள் என்பது என் எண்ணம்.

இதற்கு எதிராகத் தனி ஆளாக எடுத்த ஒரு முயற்சிதான் ராபர்ட் ஆல்டருடையது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எபிரெய இலக்கியமும் ஒப்பிலக்கியமும் சொல்லிக்கொடுத்தவர். 1996-இல் ஆதியாகமத்தை வெளியிட்டார். 2004-இல் பைபிளின் முதல் ஐந்து நூல்களான மோசேயின் நூல்கள், 2007-இல் சங்கீதங்கள், 2018-இல் முழு எபிரெய வேதமும் உரையோடு மூன்று பெரிய தொகுதிகளாக வந்தது. அப்போது அவருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. குழு கிடையாது, திருச்சபை ஒப்புதல் கிடையாது. மூலத்தில் ஒரு சொல் திரும்ப வந்தால் ஆங்கிலத்திலும் அதே சொல் திரும்ப வர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதங்களில் ஒன்று. நவீன மொழிபெயர்ப்புகளுக்கு வந்திருக்கிற நோய்க்கு அவர் வைத்த பெயரை நாம் ‘விளக்கம் சொல்லும் மதபேதம்’ எனலாம். மூலம் சொல்லாமல் விட்டதை மொழிபெயர்ப்பு சொல்லிவிடுகிறது, மூலம் உருவமாகக் காட்டியதைக் கருத்தாக்கி விரித்துவைக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அவருக்கு முன்பே, 1995-இல், எவரெட் ஃபாக்ஸ் ஐந்து நூல்களை இன்னும் கரடுமுரடாக ஆங்கிலத்தில் தந்திருந்தார். மார்ட்டின் பூபரும் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும் 1920-களில் ஜெர்மனில் தொடங்கிய வழி அது. ஃபாக்ஸை நான் மரியாதையோடு வாசிப்பேன், ஆனால் பத்துப் பக்கத்துக்கு மேல் பல்லில் கல் கடிபடும்.

ஆல்டரின் புத்தகத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது ‘அண்ட்’. எங்கு பார்த்தாலும் அண்ட். எபிரெயக் கதை நடப்பதே, ‘அண்ட்’ என்று பொருள்படும் ‘வ’ என்கிற ஒட்டுச்சொல்லின் காலில்தான். ஒவ்வொரு வினைக்கும் முன்னால் அது வந்து நிற்கும். வந்தான், வ, பார்த்தான், வ, எடுத்தான். நவீன ஆங்கிலத்தில் இப்படி எழுதினால் பள்ளிப் பிள்ளையின் கட்டுரை மாதிரி இருக்கிறது என்று நினைத்த குழுக்கள், ‘வென்’, ‘ஸோ’, ‘தென்’ என்று விதவிதமாக மாற்றின, அல்லது விட்டுவிட்டன. ஜே.பி.எஸ். பதிப்பின் ஐந்து நூல்கள் 1962-இல் வெளிவந்தன. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் ஹாரி ஆர்லின்ஸ்கி இதை வெளிப்படையாகவே ஆதரித்தவர். ஒவ்வொரு ‘வ’வுக்கும் இயந்திரம் மாதிரி ஓர் ‘அண்ட்’ வைப்பது மொழிபெயர்ப்பே இல்லை என்பது அவர் கட்சி.

ஆதியாகமம் 24-இல் ரெபேக்காள் கிணற்றடியில் நிற்கிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபிரகாமின் வேலைக்காரன் பத்து ஒட்டகங்களோடு வந்து தண்ணீர் கேட்கிறான். அவள் விரைந்தாள், குடத்தைக் கையில் இறக்கினாள், குடிக்கக் கொடுத்தாள். பிறகு மறுபடி விரைந்தாள், குடத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள், கிணற்றுக்கு ஓடினாள், அவனுடைய ஒட்டகங்களுக்கெல்லாம் இறைத்தாள். ஒவ்வொன்றும் முற்றுவினை. ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கிறது. அந்த ‘அண்ட், அண்ட், அண்ட்’ என்பது அவளுடைய மூச்சிரைப்பு. பத்து ஒட்டகத்துக்குக் குடத்தில் தண்ணீர் இறைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழில் இதே இடம் வேறு மாதிரி போகிறது. நம் மொழி முந்தின வினைகளையெல்லாம் எச்சமாக்கிவிடும். விரைந்து, இறக்கி, கொடுத்து, கவிழ்த்து, ஓடி என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ‘இறைத்தாள்’ என்று ஒரு முற்றை வைத்தால் போதும். அழகுதான், எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது பெண் ஒழுகி ஓடுகிறாள். எபிரெயத்தில் ஒவ்வொரு அடியும் தரையில் பட்டுச் சத்தம் கேட்கிறது. ஆங்கிலத்தால் அந்தச் சத்தத்தைச் சிரமமில்லாமல் கொடுக்க முடியும்.

முடியும் என்று முதலில் கண்டவர் வில்லியம் டிண்டேல். எபிரெயம் லத்தீனோடு பொருந்துவதைவிட ஆங்கிலத்தோடு ஆயிரம் மடங்கு நன்றாகப் பொருந்துகிறது என்று 1528-இலேயே எழுதினார். 1530-இல் ஐந்து நூல்களை எபிரெயத்திலிருந்து நேராக ஆங்கிலத்தில் அச்சிட்டார். அதற்காகவும் மற்றவற்றுக்காகவும் அவரைப் பிடித்து, பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் வில்வோர்டே கோட்டையில் அடைத்து, 1536-இல் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். படித்த பாதிரியைவிட ஏர் ஓட்டுகிற பையனுக்கு வேதம் நன்றாகத் தெரியும்படி செய்வேன் என்று சவால் விட்டதாக அவரைப்பற்றிச் சொல்வார்கள். அந்தப் பையனுக்கு அவர் எழுதிய ஆங்கிலம் எப்படி இருந்தது? எகிப்தில் யோசேப்பு இருந்த நிலையைச் சொல்லும்போது, கர்த்தர் யோசேப்போடு இருந்தார், அவன் ஒரு ‘லக்கி ஃபெல்லோ’ என்று எழுதுகிறார். ஏவாளிடம் பேசுகிற பாம்பு ‘டஷ்!’ என்று ஆரம்பிக்கிறது. நம் ஊரில் ‘அட போம்மா, சாக மாட்டீங்க’ என்போமே, அந்த மாதிரி. பேச்சு அவ்வளவு வழக்கில் இருந்தும், ‘அண்ட்’களைப் பெரும்பாலும் விடாமல் வைத்திருந்தார். 1611-இல் ஒரு குழு தந்த கிங் ஜேம்ஸ் பதிப்புக்குள் நிறைய டிண்டேல்தான் இருக்கிறார், கம்பீரம் மட்டும் குழுவினுடையது.

ஏர் ஓட்டுகிற பையன் ‘அண்ட்’ கேட்டு ஓடிப்போய்விடவில்லை. பட்டம் வாங்கி, போனில் வாசிக்கிறவனுக்குத்தான் அது சலிக்கும் என்று நாமே முடிவுசெய்து வைத்திருக்கிறோம்.

நவீனம் என்றாலே எனக்குக் கசப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 69-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை ஆச்சி வாசிப்பாள்: “தேவனே, என்னை இரட்சியும், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது.” சின்ன வயதில் எனக்கு இது பெரிய புதிர். ஆத்துமா உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது? இடுப்புக்கு மேலா, கீழா? எபிரெயத்தில் அங்கே நிற்கிற சொல் நெஃபெஷ். மூச்சு, உயிர், ஆள், தொண்டை, கழுத்து எல்லாமே அது. கிங் ஜேம்ஸ் அதற்குப் பெரும்பாலும் ‘ஸோல்’ என்று போட்டது, அதே வழியில் தமிழிலும் ஆத்துமா வந்தது. வெள்ளம் வந்துகொண்டிருந்தது கழுத்துக்குத்தான். ‘கழுத்துமட்டும் தண்ணி’ என்று நம் ஊரில் கடன்காரன் சொல்வானே, அதே பேச்சு. என்.ஐ.வி., ஜே.பி.எஸ். இரண்டுமே இந்த இடத்தில் ‘நெக்’ என்று சரியாகப் போட்டிருக்கின்றன. முந்நூறு வருஷமாக ஆத்துமாவில் தேங்கி நின்ற தண்ணீரைக் கழுத்துக்குக் கொண்டுவந்தது நவீன மொழிபெயர்ப்புதான்.

ஆல்டர் ஒரு படி மேலே போய் ‘ஸோல்’ என்ற சொல்லையே வெளியேற்றிவிட்டார். உடல் வேறு, ஆன்மா வேறு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் எபிரெய வேதத்துக்குக் கிடையாது என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் 23-ஆம் சங்கீதத்தில் கிங் ஜேம்ஸ் ‘ஹீ ரெஸ்டோரத் மை ஸோல்’ என்ற இடத்தை அவர் ‘மை லைஃப் ஹீ பிரிங்ஸ் பேக்’ என்கிறார். பொருள் சுத்தம். தொண்டை வறண்ட ஆட்டுக்கு மூச்சு திரும்புகிறது. இருந்தாலும் பரம்பரை பரம்பரையாகக் கல்லறைத் தோட்டத்தில் நின்று சொல்லிவந்த வரி அது. அங்கே போய் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வராது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் நானூறு வருஷம் இருந்துவிட்டால் அதற்கும் ஒரு நெஃபெஷ் வந்துவிடுகிறது.

அதே சங்கீதத்தின் முதல் அடி எபிரெயத்தில் நான்கே சொல். கிங் ஜேம்ஸ் ஒன்பது சொல் எடுத்துக்கொண்டது. தமிழில் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று ஐந்து சொல்லில் முடிகிறது. ஒட்டிக்கொள்ளும் மொழி என்பதால் நமக்கு இந்த லாபம். எபிரெயத்தின் நறுக்கென்ற சுருக்கம் ஆங்கிலத்துக்குள் வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஊதிப்போகிறது. ஆல்டர் சங்கீதங்களில் அசைகளை எண்ணி எண்ணிக் குறைத்தது இதற்காகவே. சில இடங்களில் குறைத்துக் குறைத்துத் தந்தி மாதிரி ஆகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பைபிளில் ‘பிரசங்கி’ என்கிற புத்தகத்தின் கதை இன்னும் வேடிக்கை. புத்தகத்தின் உயிர்ச்சொல் ஹெவெல். குளிர்காலையில் வாயிலிருந்து வருகிற ஆவி, பிடிக்கப் போனால் இல்லை. கிங் ஜேம்ஸில் ‘வேனிட்டி’. என்.ஐ.வி.யில் ‘மீனிங்லெஸ்’. ஜே.பி.எஸ்.ஸில் ‘அட்டர் ஃப்யூட்டிலிட்டி’, அலுவலகத் தணிக்கை அறிக்கை வாசிக்கிற மாதிரி. நம்முடையதில் “மாயை, மாயை, எல்லாம் மாயை”. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்தச் சொல்லோடு ஆதிசங்கரரும் சபைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். உலகம் பொய்த்தோற்றம் என்று பிரசங்கி சொல்லவே இல்லை. உலகம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, கையில் நிற்பதில்லை என்கிறான், அவ்வளவுதான். ஆல்டர் ‘மியரஸ்ட் பிரெத்’ என்கிறார். வெறும் மூச்சு. மற்றவர்கள் எல்லாரும் மூச்சின் விளக்கத்தைக் கொடுத்திருக்க, இவர் ஒருவர் மூச்சையே கொடுத்திருக்கிறார். இன்னொன்று, காயீன் கொன்ற தம்பியின் பெயரும் ஹெவெல்தான், நாம் ஆபேல் என்கிறவன். அற்ப ஆயுசுக்காரனுக்கு ஆவி என்று பெயர்.

பக்கத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போகிறேன், மயில் விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சாலொமோனின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு ‘துக்கிய்யீம்’ என்று ஒன்றையும் கொண்டுவந்தன என்று 1 இராஜாக்கள் 10:22 சொல்கிறது. கிங் ஜேம்ஸில் மயில், நம் பைபிளிலும் மயில். கால்டுவெல் உட்படப் பலர் அதைத் தமிழின் ‘தோகை’யோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஊரில் சபைக்கூட்டத்துக்குக் கூட்டம் இதைப் பெருமையாகச் சொல்லுவார்கள். என்.ஐ.வி. அந்த மயிலை ‘பபூன்’ என்கிற குரங்காக்கிவிட்டது! நவீன எபிரெயத்திலோ துக்கி என்றால் கிளி. சொல் அபூர்வமானது, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் தோகையைக் குரங்காக்கியதை என் மனசு இன்னும் மன்னிக்கவில்லை.

குழு மொழிபெயர்ப்பின் பக்கத்திலும் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, ஆல்டரின் ரசிகர்கள் அதைப் பேசுவதில்லை. எபிரெய மூலம் பல இடங்களில் புரியாது. மெய்யெழுத்துகள் மட்டும் எழுதிவைத்த பிரதி அது. உயிர்க்குறிகளைப் பல நூற்றாண்டு கழித்துத்தான் மசோரா மரபைச் சேர்ந்த யூத அறிஞர்கள் சேர்த்தார்கள். முழுமையாகக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய எபிரெயக் கைப்பிரதியான லெனின்கிராட் பிரதியின் காலம் கி.பி. 1008. யோபு என்கிற புத்தகத்தில் வேறெங்கும் வராத சொற்கள் நிறைய. ஜே.பி.எஸ். குழு அந்த மாதிரி இடங்களில் அடிக்குறிப்பாக, ‘எபிரெயத்தின் பொருள் உறுதியில்லை’ என்று போட்டுவிடும். யோபுவை வாசிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் இது வரும். அந்த அடிக்குறிப்பு எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம். தெரியவில்லை என்று அச்சில் ஒப்புக்கொள்ள எங்கள் தொழிலில் யாருக்கும் அனுமதி கிடையாது.

குழுக்காரர்களுக்கு அடியும் விழுந்திருக்கிறது. 1952-இல் ஆர்.எஸ்.வி. என்கிற ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது, இயேசுவின் பிறப்பை முன்னறிவிப்பதாகக் கிறிஸ்தவர்கள் கொள்ளும் ஏசாயா 7:14-இல் ‘கன்னி’ இருந்த இடத்தில் ‘இளம்பெண்’ என்று போட்டிருந்தது. எபிரெயத்தில் இருக்கிற அல்மா என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு வழியாகத்தான் கன்னி வந்தாள். வட கரோலினாவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தீ வைத்தார். அந்தக் குழுவில் இருந்த ஒரே யூதர், முன்னால் சொன்ன ஹாரி ஆர்லின்ஸ்கிதான். ‘அண்ட்’ விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை இருக்கலாம். இளம்பெண்ணை இளம்பெண் என்று சொல்லிவிட்டு நின்ற இடத்தில் அவர் பக்கம்தான் நான்.

சரி, மலைக்குத் திரும்புகிறேன். ஆபிரகாமும் ஈசாக்கும் ஏறுகிற வழியில் ஒரு வாக்கியம் இரண்டு முறை வருகிறது. விறகை மகன்மேல் வைத்து, நெருப்பையும் கத்தியையும் தான் எடுத்துக்கொண்டதும் ஒருமுறை: இருவரும் சேர்ந்து போனார்கள். ‘ஆட்டுக்குட்டி எங்கே?’ என்று மகன் கேட்டு, அப்பா மழுப்பியதும் மறுபடி: இருவரும் சேர்ந்து போனார்கள். எபிரெயத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. முதல் தடவை பையனுக்கு விஷயம் தெரியாது. இரண்டாவது தடவை தெரிந்திருக்குமோ என்று நமக்குச் சந்தேகம் வருகிறது. ஜே.பி.எஸ். முதலாவதை ‘வாக்ட் ஆஃப்’ என்றும் இரண்டாவதை ‘வாக்ட் ஆன்’ என்றும் மாற்றியது. வடிகட்டி, சல்லடை. ஆல்டரில் இரண்டும் ஒன்றேதான்.

‘சேர்ந்து’ என்கிற அந்தச் சொல் எபிரெயத்தில் யஹ்தாவ். அதே அதிகாரத்தில் அது மூன்றாவது முறையும் வருகிறது என்பது ஆல்டரை வாசித்த ஒரு ராத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. எல்லாம் முடிந்து, ஆட்டுக்கடாவைப் பலியிட்டு, ஆபிரகாம் வழியில் விட்டுவந்த வேலைக்காரர்களிடம் திரும்புகிற இடம். அவர்கள் எழுந்து, ‘டுகெதர்’ பெயெர்செபாவுக்குப் போனார்கள். எழுந்துபோய் ஆச்சியின் பைபிளை எடுத்துப் பார்த்தேன். முதல் இடத்தில் “இருவரும் கூடிப்போனார்கள்” என்று இருக்கிறது, இங்கே “ஏகமாய்” என்று இருக்கிறது. கூடி, ஏகமாய். நம்மவர்களும் சொல்லை மாற்றித்தான் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் பாயில் உட்கார்ந்து கேட்டும் என் காதில் அது விழவில்லை.

சேர்ந்து போனவர்கள் யார் யார் என்று விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். வேலைக்காரர் இரண்டு பேர். ஆபிரகாம். அந்த வசனத்தில் வேறு யாருடைய பெயரும் இல்லை.